எப்.சி.க்குப் பூசிய பெயிண்ட்

"இருபது நாளாச்சு அம்மணி. இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே சுரண்டிக்கிட்டு இருக்கறது?"

தங்காயி சென்னியப்பன் கையிலிருந்த கம்பி பிரஷ்ஷை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கம்பியெல்லாம் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. புதிதாக ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அதுதான் பதில் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் எரிச்சல் கூடியது.

அவருக்கு அறுபத்திமூன்று வயது. முப்பது வருஷம் குச்சிக்கிழங்கு வியாபாரம். ஜவ்வரிசி ஆலைக்குள் அவர் வெள்ளை வேட்டி நுழைந்தால் நாற்காலி தானாக வரும். அந்த மனுஷன் இப்போது அரைக்கால் டவுசரோடு ஒரு கிழட்டுப் பிக்கப் வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்தார். பார்த்தவர்கள் சிரிக்காமல் போனது அவர்களுடைய பெருந்தன்மை.

தங்காயிக்கு நாற்பது கூட ஆகவில்லை. குரு என்றால் தாடியும் காவியும் தேடுகிறவர்களுக்கு அவள் சரிப்பட மாட்டாள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, நகமெல்லாம் கிரீஸ். சங்ககிரியைத் தாண்டிப் புறவழிச்சாலை ஓரத்தில் அவளுடைய ஷெட். பழைய வண்டிகளைக் கடைசி நட்டு வரைக்கும் கழற்றி, எலும்பிலிருந்து திரும்ப எழுப்புவாள். அந்த எலும்புக்கு அங்கே சேஸ் என்று பேர்.

ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தாள்.

"வண்டியை விட்டுட்டுப் போய், முடிஞ்சதும் வந்து எடுத்துக்கற வேலை இங்க இல்லீங்க. வண்டிக்காரரும் கூடவே இருந்து கத்துக்கணும்."

வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். சரி என்று தலையாட்டினார்.

முதல் நாள் கேபினைத் தூக்கினார்கள். அடுத்த நாள் பின்தொட்டி. பிறகு எஞ்சின், சக்கரம், வயர், டேங்க். கடைசியில் நாலு ஸ்டாண்டின் மேல் துருப்பிடித்த இரண்டு நீள இரும்பு மட்டும் மிஞ்சியது.

"இவ்வளவுதானா வண்டி?" என்றார்.

"இவ்வளவுதாங்க. மத்ததெல்லாம் இது மேல உக்காந்திருந்தது."

மூலையில் அவர் வாங்கி வந்த ஏழு பெட்டிகள் இருந்தன. பவர் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக், புது விளக்குகள், இன்னும் என்னென்னவோ. பெரிய பெட்டியில் டிரைவர் சீட். முதுகு உயரமானது, கை வைத்துக்கொள்ள வசதி உள்ளது. தினமும் வேலையை விட்டுக் கிளம்பும்போது அந்தப் பெட்டியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

"யாருக்குங்க அந்த சீட்டு?" என்று தங்காயி ஒரு நாள் கேட்டாள்.

"என்ற தம்பிக்கு. அர்த்தநாரின்னு பேரு. இந்த வண்டியைப் பதினோரு வருசம் ஓட்டுனவன்."

"இப்ப ஓட்டறதில்லையா?"

அவர் கதையைச் சொன்னார். ஊரில் பல கல்யாணப் பந்திகளில் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நல்ல விடிகாலை, நேரான ரோடு. கிழங்கு ஏற்றி வந்த வண்டி வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது. அர்த்தநாரிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சொந்தபந்தம் முழுக்கக் கட்டிலைச் சுற்றி நின்றபோது சென்னியப்பன் கேட்டார், தூங்கிட்டயாடா என்று. இல்லண்ணா, வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு என்றான் தம்பி. நேர் ரோட்டில் எந்த வண்டிடா இழுக்கும், தூங்கிட்டேன்னு ஒத்துக்க, விட்டர்றேன் என்றார் இவர். மூன்று நாள் இதையே கேட்டார். நாலாம் நாள் தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். உடம்பு தேறியதும் பெண்டாட்டி ஊரான பெருந்துறைக்குப் போய் ஒரு மில்லில் வாட்ச்மேன் ஆனான். அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

"போன மாசம் எங்க குலசாமி கோயில் பொங்கலுக்கு வந்திருந்தான். டவுன் பஸ்ல வந்தான், நொண்டிக்கிட்டே. யாரோ கார் சாவியை நீட்டி, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கன்னாங்க. அவன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கொண்டு போயிட்டான் அம்மணி. எனக்கு ஆகாதுங்கன்னான். எனக்குப் பாக்க முடியல."

தங்காயி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். வண்டியைப் புதுசாட்டம் ஆக்கி அவனுக்கே குடுத்தர்றது. மன்னிச்சுட்டேன்னு வாயால சொல்ல வர்றதில்ல. வண்டியாவே சொல்லிரலாமில்ல?"

"என்னத்தை மன்னிச்சீங்க?"

"தூங்குனதைத்தான்."

தங்காயி சேஸைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். சுரண்டும் தகட்டை எடுத்து நீட்டினாள்.

அப்படித்தான் அந்தச் சுரண்டல் ஆரம்பித்தது.

பத்தாம் நாள், கழற்றிப் போட்ட பின் ஸ்பிரிங் பட்டைகளை அவள் வரிசையாகத் தரையில் அடுக்கினாள். எண்ணினாள். இரண்டைத் தனியே எடுத்து வைத்தாள்.

"இந்த ரெண்டும் இந்த வண்டிக்கு உள்ளது இல்லீங்களே. யாரு வெச்சது?"

"நான்தான். கூட லோடு தாங்கறதுக்கு."

"சேஸ் தாங்குமான்னு பாத்தீங்களா?"

"பட்டை தாங்குச்சே."

"ஓட்டறவருகிட்டச் சொன்னீங்களா?"

"அவங்கிட்ட எதுக்கு? வண்டி என்னுதுதானே அம்மணி."

அவள் அந்த இரண்டு பட்டைகளையும் அவருடைய டிபன் கேரியர் வைக்கும் பெஞ்சின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அன்றிலிருந்து அவற்றை நகர்த்தாமல் அவரால் சோறு தின்ன முடியவில்லை.

இருபத்திரண்டாம் நாள் சென்னியப்பன் ஒரு தந்திரம் செய்தார். மச்சினன் வீட்டிலிருந்து இரும்பு தேய்க்கும் கை கிரைண்டரைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, தங்காயி டீ வாங்கப் போன சமயம் பார்த்துச் சுவிட்சைப் போட்டார். கிரைண்டர் ஒரு சத்தம் கொடுத்து நின்றது. திரும்பினால் அவள் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அரை நாள்ல முடிஞ்சிரும் அம்மணி!"

"முடிஞ்சிருங்க. எல்லா எடமும் ஒரே மாதிரி பளபளன்னு ஆயிரும். எது எப்ப ஆனதுன்னு யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

அவள் டீயை நீட்டினாள்.

இருபத்தாறாம் நாள், பின்பக்கம், ஸ்பிரிங் பட்டை வந்து மாட்டும் இடம். மண் உதிர்ந்தது. துரு உதிர்ந்தது. அடியில் கறுப்புப் பெயிண்ட். அதன் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு.

"அம்மணி! இங்க சேஸ் விரிசல் விட்டிருக்குது பாரு."

தங்காயி குனிந்து பார்த்தாள்.

"கவுந்தப்ப விரிஞ்சிருக்கும்," என்றார் அவர்.

அவள் இரும்பு அறுக்கும் பழைய ஆக்ஸா பிளேடு ஒன்றை முனை கூர்மையாக ஒடித்துக் கொடுத்தாள்.

"உள்ளே என்ன இருக்குதுன்னு பாருங்க."

கோட்டுக்குள் பிளேடை விட்டு நெம்பினார். துரு வரும் என்று எதிர்பார்த்தார். கறுப்பாக, பொருக்குப் பொருக்காக வந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார்.

"பெயிண்ட்," என்றார்.

"விரிசலுக்குள்ள பெயிண்ட் போகணும்னா எது முதல்ல வந்திருக்கணும்ங்க?"

அவர் மறுபடியும் உள்ளங்கையைப் பார்த்தார்.

"கவுந்ததுக்கு அப்புறம் வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா?"

"இல்ல. அப்படியே கொட்டாய்க்குள்ள தள்ளிட்டேன்."

"அப்ப இது எப்பப் பூசுனது?"

சென்னியப்பனுக்குத் தெரியும். வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று வருஷா வருஷம் சான்று வாங்க வேண்டுமே, அந்த எப்.சி.க்குப் போகிற வண்டிகளுக்கெல்லாம் அடியில் கறுப்புப் பூசுவது வழக்கம். கவிழ்வதற்கு இருபது நாள் முன்னால் எப்.சி. வந்தது. பெயிண்டருக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று கோணிச் சாக்கை விரித்து, அடியில் படுத்து, அவரே பூசினார்.

இந்த இடத்தில் ஒரு கோடு இருந்தது. பூசப் பூசப் பெயிண்ட்டை உள்ளே இழுத்துக்கொண்டே போனது. இதென்னடா சனியன் என்று இரண்டாம் தடவை கெட்டியாகப் பூசினார். கோடு மறைந்தது. எழுந்து சாக்கை உதறினார். அதை அப்போதே மறந்தும் போனார்.

ஒன்பது வருஷமாக ஒரு தடவை கூட நினைப்பு வரவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மண் தரையில் அப்படியே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தங்காயி அவருடைய டீ கிளாஸில் ஈ விழாமல் ஒரு பேப்பரை எடுத்து மூடினாள்.

வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்: "இதை அடைச்சிரு அம்மணி. நல்ல தகடா வெச்சு வெல்டு அடிச்சிரு. பாக்கவே முடியல."

"அடிக்கறேங்க. ஓட்டுனவரு பாத்ததுக்கு அப்புறம்."

"அவன் வரமாட்டான்."

"அப்ப சேஸ் இப்படியே இருக்கட்டும்."

"போன்ல போட்டோ எடுத்து அனுப்பிரட்டுமா?"

தங்காயி அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பெயிண்ட்டைப் போன்லயா பூசுனீங்க?"

மறுநாள் காலையில் சென்னியப்பன் பெருந்துறைக்குப் பஸ் ஏறினார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். மில் கேட்டில் நீலச் சட்டை போட்டு, உள்ளே போகிற லாரியின் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான் அர்த்தநாரி. முடியெல்லாம் நரைத்துவிட்டது. ஐம்பத்தேழு வயசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"வாண்ணா," என்றான். நோட்டை மூடினான்.

சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தை கூட இவர் வாயில் வரவில்லை.

"ஒண்ணு காட்டணும். வா," என்றார்.

தம்பி அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினான். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இரண்டு சீட்டு காலியாக இருந்தது. அவன் அதைத் தாண்டி, நொண்டிக்கொண்டே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். அண்ணனும் பின்னாலேயே போய் உட்கார்ந்தார். சங்ககிரிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினார்.

ஷெட்டில் சேஸ் நாலு ஸ்டாண்டின் மேல் நின்றது. அர்த்தநாரிக்குக் குந்த முடியாது. தங்காயி ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். அவன் காலை நீட்டி உட்கார்ந்து, அண்ணன் காட்டிய இடத்தைப் பார்த்தான்.

"எப்.சி.க்கு முன்னாடியே விட்டிருந்துச்சுடா. நான்தான் பெயிண்ட் பூசுனேன். கோடு தெரிஞ்சுது. மறையட்டும்னு ரெண்டு தரம் பூசுனேன். கூடுதல் பட்டை வெச்சு லோடு ஏத்துனதும் நான்தான். பட்டை மாட்டற எடம் விட்டுப் போய்த்தான் வண்டி ஒரு பக்கமா இழுத்திருக்குது. நீ சொன்னது நெசம். நீ தூங்கலடா."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது மாதிரி இருந்தது. தங்காயி பக்கம் திரும்பினார்.

"பாத்துட்டான் அம்மணி. இனி அடைச்சிரலாமில்ல?"

தங்காயி ஆணியில் தொங்கிய வெல்டிங் கண்ணாடியை எடுத்தாள்.

அர்த்தநாரி விரிசலின் மேல் விரலை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மெதுவாக நகர்த்தினான். திரும்பவும் நகர்த்தினான்.

"அண்ணா."

"சொல்லுடா."

"வண்டி இழுத்துச்சுன்னு மொதல்ல எனக்கு நல்லா நெனப்பு இருந்துச்சு. நீ சொல்லச் சொல்ல, அது போயிருச்சு. நான் தூங்கிட்டேன்னுதான் நானும் இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். பொங்கலன்னைக்குச் சாமி முன்னால நின்னு, அதுக்குத்தாண்ணா மன்னிப்புக் கேட்டேன்."

தங்காயி கண்ணாடியைத் திரும்ப ஆணியிலேயே மாட்டினாள்.