காத்தாயி மாம்பழம்

ஜமீன் தோட்டத்து மாம்பழத்துக்கு ஊரெல்லாம் காத்தாயி என்றுதான் பேர். விருந்தாளியாகத் தங்கியிருந்த கலெக்டர் ஒரு துண்டைச் சுவைத்துவிட்டு, "யார் அந்தக் காத்தாயி?" என்று கேட்டுத் தொலைத்தார். ஜமீன்தாருக்கு முகம் கறுத்துவிட்டது. தோட்டக்காரன் முடியாண்டியைக் கூப்பிட்டார்.

"நாளைக்குள்ளே இந்தப் பழத்துக்கு என் பேர் விளங்கணும். இல்லேன்னா ஊரைவிட்டு ஓடிப் போயிரு."

"ஆகட்டும் எசமான்."

மறுநாள் ஜமீன்தார் கலெக்டரோடு தோட்டத்துக்கு வந்தார். மாமரத்துக்குப் பக்கத்தில் ஆளுயரக் குழி ஒன்று வெட்டியிருந்தது. முடியாண்டி மண்வெட்டியோடு நின்றான்.

"என்னடா இது?"

"பேர் வைக்கத்தான் எசமான். எங்க சனத்துல யாரைப் புதைச்ச இடத்துல கன்னு வைக்கிறமோ, அவுக பேருதான் பழத்துக்கு. காத்தாயி என் பொஞ்சாதி. பஞ்சத்துல இந்தத் தோட்டத்துக்குத் தண்ணி சுமந்தே செத்தா. அவ மேலதான் இந்த மரம் நிக்கிது." குழியோரம் இருந்த கன்றைக் காட்டினான். "இதே மரத்துக் கன்னு ஒண்ணு வச்சிருக்கேன். எசமான் குழியில இறங்குனா மண்ணைத் தள்ளிரலாம்."

கலெக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். ஜமீன்தார் வந்த வழியே திரும்பி நடந்தார்.

முடியாண்டி குழியை மூடவில்லை. கேட்டவர்களிடம், "அவ பக்கத்துல எனக்கு ஆகும்" என்றான்.