வரிசையில நின்ன வேப்பிலைக் குடம்

ஒரு ஊர்ல ஒரு குழாய் இருந்துச்சு. ராசா இல்ல, ராணி இல்ல, குழாய்தான். சிரிக்காத, கால நீட்டிப் படு. நாலு தெருவுக்கும் சேத்து அந்த ஒத்தக் குழாய். மத்ததெல்லாம் போர் தண்ணி. வாயில வச்சா உப்புக் கரிக்கும், துணி தொவச்சா நொரையே வராது. நல்ல தண்ணி வேணும்னா அந்தக் குழாய்தான். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரே ஒரு மணி நேரம். ம் கொட்டு தாயி.

"ம்."

அப்போ நல்ல கோடை. சும்மா கோடையா? தார் ரோடு பாகு மாதிரி உருகிக் கெடந்துச்சு. மினி பஸ் கண்டக்டர் ஒருத்தரு டீ குடிக்க எறங்கினாரு. ஒரு கால எடுத்துட்டாரு, இன்னொரு கால எடுக்குறாரு, பச்சக்! செருப்பு ஒட்டிக்கிருச்சு. இழுக்குறாரு, வரல. அப்புறம் வெறுங்கால்ல "ஆ, ஊ"ன்னு குதிச்சுக்கிட்டே பஸ்ல ஏறிட்டாரு. அந்தச் செருப்பு எட்டு நாள் நடுரோட்டுல கெடந்துச்சு. வண்டியெல்லாம் அத சுத்திக்கிட்டுப் போச்சு. அந்தக் கண்டக்டருக்கு அப்புறம் பொண்ணு அமைஞ்சது ஒரு பெரிய கூத்து... சரி, அத விடு. எங்க விட்டேன்? குழாய்.

அந்த ஊர்ல குழாயடியில ஆளு நிக்க மாட்டாங்க, குடம்தான் நிக்கும். அந்த வெயில்ல எவ நிப்பா? காலையிலயே ஆளுக்கு ரெண்டு குடத்த வரிசையில வச்சுட்டு வேலையப் பாக்கப் போயிருவாங்க. குடம் இல்லாதவ வாளிய வைப்பா. வாளியும் இல்லாதவ கிழிஞ்ச மொறத்த வச்சு, அது பறக்காம மேல ஒரு கல்லத் தூக்கி வைப்பா. ஆனா ஒருத்தி குடத்த இன்னொருத்தி தொடக் கூடாது. குடம் நின்னா அவளே நிக்கிற மாதிரி.

அந்த வரிசைக்கு மேஸ்திரி யாருன்னா, தவசியம்மா. யாரும் அவள நியமிக்கல, அவளாவே ஆயிட்டா. குரல்னா குரல்! ஒரு தடவ அவ தும்முனப்போ, ரோட்டுல போன ஆட்டோக்காரன் டயர் வெடிச்சுருச்சுன்னு எறங்கிப் பாத்தானாம்.

"ம்."

கடைசித் தெருவுல குருவம்மான்னு ஒருத்தி இருந்தா. புருசன் லாரில வடக்க போயிருக்கான், வர ஒரு மாசம் ஆகும். வீட்டுல அவளும் அவ மக செவ்வந்தியும்தான். செவ்வந்திக்கு ஆறு வயசு, ஒன்ன விட ஒரு சாண் உசரம் இருப்பா. அப்போ என்னாச்சு? செவ்வந்திக்கு அம்மை போட்டிருச்சு. மூஞ்சி, முதுகு, காது மடல்னு எடம் விடாம முத்து முத்தா.

அம்மை போட்டா ஆத்தா வந்து எறங்கிட்டான்னுதான் சொல்லுவாங்க. தவசியம்மாவே தெருமுனையில நின்னு சத்தம் போட்டா. "குருவம்மா, வாசல்ல வேப்பிலையச் சொருகு! ஆத்தா வந்திருக்கா, சுத்தபத்தமா இரு! எங்கயும் வந்துராத!" வேப்பிலையச் சொருகினா அம்புட்டுதான். ஒருத்தரும் வீட்டுக்குள்ள வர மாட்டாங்க. அடுப்புல தாளிக்கக் கூடாது. அந்த வீட்டு ஆளு நாலு பேரு கூடுற எடத்துக்குப் போகக் கூடாது. அந்த வீட்டுச் சாமான யாரும் தொட மாட்டாங்க.

செவ்வந்தி பாயில வேப்பிலை மேல படுத்துக்கிட்டு, "அம்மா அரிக்குது, அம்மா அரிக்குது"ன்னு ஒரே அழுக. குருவம்மா வேப்பங்கொத்தாலயே தடவிக் குடுத்துக்கிட்டு இருந்தா.

ஏழாம் நாளு தலைக்குத் தண்ணி ஊத்தணும். தண்ணில மஞ்சளையும் வேப்பிலையையும் போட்டு, வெயில்ல வச்சு வெதுவெதுன்னு ஆனதும் ஊத்துவாங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் மூணு தண்ணி. மூணும் ஊத்திட்டா ஆத்தா எறங்கிட்டா, அரிப்பு போயிரும். ஆனா போர் தண்ணிய ஊத்துனா புண்ணு தீயா காந்தும். குடிக்க ரெண்டு செம்பு தண்ணிய பக்கத்து வீட்டுக்காரி சுவத்து மேல வச்சுட்டு ஓடிருவா. அது தொண்டைக்குப் போதும், தலைக்கு?

ஏழாம் நாளு குருவம்மா குடத்த எடுத்துக்கிட்டு குழாய்க்குப் போனா. பக்கத்துல போகல, பாவம். தூரத்துல கரண்டுக் கம்பத்துகிட்ட நின்னு, "அத்தே, ஒரு குடம் புடிச்சுக் குடுங்களேன்"ன்னு கேட்டா.

தவசியம்மா திரும்பிப் பாத்தா. அடி ஆத்தி! அவ போட்ட சத்தத்துல காக்கா எல்லாம் கம்பிய விட்டுப் பறந்துருச்சு. "யேய்! அங்கனயே நில்லு! அம்மை வீட்டுக்காரி குழாயடிக்கு வரலாமா? எங்க வீட்டுலயும் பச்சப் புள்ளைக இருக்குல்ல?"

பொம்பளைக எல்லாம் திக்குக்கு ஒருத்தியா ஓடுறாளுக, தடதட தடதட. காலு பட்டு குடமெல்லாம் உருளுது, கடகட கடகட. இவளுக வீட்டு நாத்து நடவுக்கெல்லாம் போனவதான் குருவம்மா. நேத்து வரைக்கும் "குருவு, குருவு"ன்னு கூப்பிட்டவளுக, இன்னைக்கு முந்தானைய மூக்குல வச்சுக்கிட்டு ஓடுறாளுக. அவ திரும்பி வந்துட்டா. மொத தண்ணி நாளு போச்சு.

"ம்..."

ஒம்போதாம் நாளு. குருவம்மா ஒரு ரோசனை பண்ணினா. நான்தான போகக் கூடாது? குடம் போகலாம்ல? உச்சி வெயில்ல ஊரே கதவச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கும்போது, வெறுங்கால்ல ஓடி, வரிசையில கடைசியா அவ குடத்த வச்சா. வச்சவளுக்கு மனசு கேக்கல. தெரியாம எவளாவது தொட்டு, அவ வீட்டுப் புள்ளைக்கு ஒண்ணுன்னா? அதனால குடத்து மேல மஞ்சளத் தடவி, வாயில ஒரு கொத்து வேப்பிலையச் சொருகினா. பாத்தா அம்மை வீட்டுக் குடம்னு தெரிஞ்சுக்கட்டும், தொடாம, மேலருந்து தண்ணிய ஊத்தி விட்டா போதும்னு நெனச்சா. அப்புறம் கருவேலம் புதருக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டா.

நாலு மணி. பொம்பளைக வந்தாளுக. பாத்தாளுக. மஞ்சக் குடம், வேப்பிலை. "இது யாரு குடம்?" "எனக்குத் தெரியாது." "எனக்கும் தெரியாது." அந்த வருசம் என்னன்னா, தண்ணி இல்லன்னு ஊர்ல மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கல, அபிசேகம் பண்ணல. எல்லாருக்கும் உள்ளுக்குள்ள உறுத்தல்தான். தவசியம்மா குடத்தச் சுத்திச் சுத்தி வந்தா. மூஞ்சி வெளுத்துருச்சு. நெஞ்சுல கைய வச்சா.

"யாத்தி! நம்ம தண்ணி ஊத்தலன்னு ஆத்தாவே குடத்தோட வந்துட்டாடி! அதுவும் பாரு, கடைசில நிக்கிறா! நமக்கெல்லாம் பின்னால நிக்கிறாடி ஆத்தா!"

அம்புட்டுதான். குலவை போடுறாளுக, உலுலுலுலூ! கன்னத்துல போட்டுக்குறாளுக, பட் பட் பட்! ஒருத்தி சாமியே ஆடிட்டா. எல்லாக் குடத்தையும் தள்ளிட்டு, அந்தக் குடத்த மொதல்ல ரொப்பி, தவசியம்மா தலையில தூக்கி வச்சுக்கிட்டா. மேளக்காரன் ஓடி வந்தான், டண்டணக்க டண்டணக்க! ஊரே கோயிலுக்குப் போகுது.

புதருக்குப் பின்னால குருவம்மா தெறந்த வாய மூடல. என் குடம்! என் புள்ளைக்குத் தண்ணி! வெளிய வந்து சொல்லலாம்னா, அம்மை வீட்டுக் குடத்தத் தொட வச்சுட்டாளேன்னு உரிச்சுருவாளுக. அங்க கோயில்ல சிலை தலையில தண்ணிய ஊத்துறாங்க, சளசளசள. அது கீழ ஓடி மண்ணுல போயிருச்சு. குடத்தையும் சாமி குடம்னு உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. வீட்டுக்கு வந்தா செவ்வந்தி கேக்குறா, "அம்மா, மேளம் அடிச்சாங்களே, யாருக்கு?"

தூங்கிட்டியா?

"ம்ஹூம்... சொல்லு."

பதினோராம் நாளு. வீட்டுல வேற குடம் இல்ல. சோறு வடிக்கிற குண்டாவ எடுத்தா. வேப்பிலை வச்சதாலதான இத்தன வினை, வைக்க வேணாம்னு வெறும் குண்டாவோட உச்சி வெயில்ல ஓடுனா. குழாயடிக்கு வந்து பாத்தா... யாத்தி யாத்தி! நாப்பது குடம் நிக்குது. நாப்பது குடத்துலயும் மஞ்ச! நாப்பது குடத்துலயும் வேப்பிலை! வாளிக்கும் வேப்பிலை. மொறத்து மேல இருக்குற கல்லுக்குக்கூட மஞ்சத் தடவி ஒரு பொட்டு!

வேப்பிலை வச்சா முன்னால தண்ணி கெடைக்கும்னு ஒவ்வொருத்தியும் தனித்தனியா ரோசிச்சிருக்கா. ஊர்ல ஒரு வேப்ப மரத்துலகூட இலை இல்ல, மொட்டையா நிக்குது. குருவம்மா குண்டாவ இடுப்புல வச்சுக்கிட்டு மறுபடி புதருக்குள்ள போயிட்டா.

நாலு மணி ஆச்சு. குழாய் புஸ்ஸ்ஸுன்னு மூச்சு விட்டுச்சு, தண்ணி வந்துருச்சு. எந்தக் குடம் மொதல்ல?

"என் குடத்துலதான் ஆத்தா இருக்கா!"

"ஒன் குடத்துல ஒட்டடை இருக்கு. ஆத்தா என் குடத்துல!"

"கல்லுக்குப் பொட்டு வச்சவ எல்லாம் பேச வந்துட்டா!"

ஒருத்தி குடத்த ஒருத்தி நகத்த முடியல, ஆத்தா குடமாச்சே. முடியப் புடிச்சுக்கிட்டாளுக. தவசியம்மா கத்துறா, அவ கத்துறதே யாருக்கும் கேக்கல. இங்க தண்ணி பாட்டுக்கு ஊத்துது, சளசளசளசள. ஒரு சொட்டு குடத்துல விழல. அம்புட்டும் தரையில. அந்தச் சூட்டு மண்ணு உஸ்ஸு உஸ்ஸுன்னு குடிக்குது.

குருவம்மா பாத்தா. ஒரு நிமிசம் பாத்தா, ரெண்டு நிமிசம் பாத்தா. பாஞ்சு வந்தா. நேரா போய்க் குழாய்க்குக் கீழ குண்டாவ வச்சா. டங்!

சண்டை நின்னுபோச்சு. முடியப் புடிச்ச கை புடிச்சபடி நிக்குது.

"அம்மை வீட்டுக்காரி!" தவசியம்மா அலறுனா. "என்னடி காரியம் பண்ற?"

"அத்தே, அன்னைக்கு நின்னது ஆத்தா இல்ல. நான் வச்ச குடம். என் மக தலைக்கு ஊத்தத்தான் வச்சேன்."

"ஹா!" எல்லாரும் நெஞ்சுல கைய வச்சாளுக. குலவை போட்டவ நாக்கக் கடிச்சுக்கிட்டா. சாமியாடுனவ தரையப் பாத்தா. "அடிப்பாவி! எங்கள எல்லாம் தொட வச்சுட்டியேடி!"

"தொட்டீகளா இல்லையா? கன்னத்துல போட்டுக்கிட்டுத் தொட்டீக. தலையில தூக்கி வச்சீக. அப்போ பயம் வரலையே அத்தே? என் மக மேல ஆத்தா எறங்கியிருக்கான்னு தெருமுனையில நின்னு கத்துனது யாரு? நீங்கதான? கோயில்ல இருக்குறவ தலையில ஊத்துன தண்ணி வாசல் தாண்டல. என் வீட்டுல எறங்குனவ பதினோரு நாளா தலையில தண்ணி படாம, சொரிஞ்சு சொரிஞ்சு ரத்தமாக் கெடக்கா. நீங்களே சொல்லுங்க, எந்த ஆத்தாளுக்கு ஊத்தணும்?"

குண்டா ரொம்பி வழியுது. இத்தன வருசத்துல தவசியம்மா வாயடைச்சு நின்னத அன்னைக்குத்தான் ஊரு பாத்துச்சு.

அப்புறம் அவ என்ன பண்ணினா? தன் குடத்துல இருந்த வேப்பிலையப் புடுங்கிக் கீழ போட்டா. குழாய்ல புடிச்சா. இடுப்புல தூக்கி வச்சா. "நட"ன்னா.

"எங்க அத்தே?"

"ஒன் வீட்டுக்குத்தான்டி. ஆத்தாவக் காக்க வைக்கலாமா?"

மொத தண்ணி அன்னைக்கே ஊத்தியாச்சு. ஒருநாள் விட்டு ரெண்டாந் தண்ணி. மூணாந் தண்ணிக்கு ஊரே வந்துருச்சு. வீட்டுக்கு ஒரு செம்பு நல்ல தண்ணி, அவங்கவங்க குடிக்க வச்சிருந்தது. மதியமே மஞ்சக் கரைச்சு வெயில்ல வச்சு, குலவை போட்டு ஊத்துனாங்க. செவ்வந்தி தலை சொட்டச் சொட்ட, புதுப் பாவாடையக் கட்டிக்கிட்டு, ஈர்க்குச்சி மாதிரி மெலிஞ்சு போய் வாசல்ல உக்காந்திருக்கா. எல்லாரும் கையக் கூப்பிக்கிட்டு நிக்கிறாங்க. தவசியம்மா முன்னால வந்து கேட்டா.

"ஆத்தா, கொறை எதுவும் உண்டா? ஒனக்கு என்ன வேணும், சொல்லு தாயே."

செவ்வந்தி எல்லார் மூஞ்சியையும் ஒரு சுத்துப் பாத்தா. ஊரே மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்குது.

"சேமியா ஐஸ்"னா.

அடியாத்தி! குருவம்மா தலையில அடிச்சுக்கிட்டா. தவசியம்மா திருதிருன்னு முழிக்கிறா. அப்புறம் திரும்பி, "ஐஸ்காரன எங்கடா காணோம்? ஆத்தா கேக்குறாள்ல!"ன்னு ஒரு கத்து கத்துனா பாரு, அடுத்த தெருவுல போன ஐஸ்காரரு சைக்கிளோட விழுந்தடிச்சு வந்து சேந்தாரு. செவ்வந்தி ஐஸ வாங்கி ஒரு நக்கு நக்கிட்டு, காதச் சாச்சுக் கேட்டா.

"குழாய் புஸ்ஸுன்னு சொல்லுதே. யாரும் தண்ணி புடிக்கப் போகலையா?"

நாலு மணி! அன்னைக்கு எல்லாரும் இங்க வந்துட்டதால, வரிசையில ஒரு குடம்கூட இல்ல, ஒரு வாளி இல்ல. ஐயய்யோன்னு ஓடுறாங்க பாரு, தடதட தடதட! சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ஒருத்திய ஒருத்தி இடிச்சுக்கிட்டு, சந்துல முட்டி மோதி...

"நில்லுங்கடி!"

தவசியம்மா போட்ட சத்தத்துல அம்புட்டு பேரும் அப்படியே நின்னுட்டாளுக.

"குருவம்மா! ஏன்டி முழிச்சுக்கிட்டு நிக்கிற? குண்டாவ எடுத்துட்டு வா. இன்னைக்கு வரிசையில மொத எடம் ஒன்னோடது."

குருவம்மாவுக்கு மலைச்சுப் போச்சு. கையெல்லாம் மஞ்சத் தண்ணி. முழங்கை வரைக்கும் சொட்டுது. சந்துல பொம்பளைக ரெண்டு பக்கமும் சுவத்தோட ஒட்டி வழி விட்டு நிக்கிறாளுக. மூக்க மூடுன ஒரு முந்தானை கூட இல்ல. அவ குண்டாவ மார்போட அணைச்சுக்கிட்டு, நடுவுல ஓடுனா. வெறுங்கால்ல, குடுகுடுன்னு ஓடுனா.

ம் சொல்லு... தாயி?

சரிதான். குண்டா ரொம்பிருச்சு, குழாயும் நின்னுபோச்சு, இனிமே கதையும் சொட்டாது. நல்லாத் தூங்கு.