இருநூறு மீட்டர் பள்ளம்

மாலை 3.52. முடிவு எல்லையைத் தாண்டிய கிளைடர் விமானங்கள் பதினொன்று. முதலில் தாண்டியவர் செங்கோடன், வயது ஐம்பத்தேழு. ஆனாலும் அன்றைய பட்டியலில் அவர் பெயர் நான்காவதாக இருந்தது.

ஓடுதளத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில் எல்லை. தாண்டும்போது தரைக்கு மேல் இருநூறு மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். அவர் எட்டு மீட்டர் தாழ்ந்திருந்தார்; புள்ளிகளை வெட்டிவிட்டார்கள். ஒன்பது வருடமாகக் கை நழுவும் கோப்பை. இனி ஒரே ஒரு நாள். இதுவரையான மொத்தப் புள்ளியில் முதலிடத்தில் கதிரேசன், அடுத்து இவர்.

பயிற்சியாளர் பியூலாவுக்கு இவரைவிட இருபது வயது குறைவு. செங்கோடன் நேரே அவரிடம் போனார்.

"இறங்கறது தரையில. கோட்டை எதுக்குங்க டீச்சர் ஆகாசத்துல போட்டிருக்காங்க?"

பியூலா அவருடைய கிளைடரின் மூடியைத் திறந்தார். கிளைடருக்குள் கைவிட்டு உயரமானியின் திருகைத் திருப்பினார். முள் பூஜ்யத்துக்குக் கீழே இருநூறில் நின்றது.

"இப்ப எங்க நிக்கிறோம்?"

"இருநூறு மீட்டர் பள்ளத்துலங்க." செங்கோடனுக்குச் சிரிப்பு வந்தது.

"முள் அப்படியே இருக்கட்டும். எல்லையைத் தாண்டற வரைக்கும் பூஜ்யம்தான் உங்களுக்குத் தரை."

மறுநாள் எல்லைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் முள் பூஜ்யத்தைத் தொட்டது. எஞ்சின் இல்லாத விமானம். உயரம் வேண்டுமென்றால் காற்றுதான் தர வேண்டும். மெலிதாக மேலெழும் காற்று ஒன்று அகப்பட்டது. அதில் வட்டமடிக்கத் தொடங்கினார். கதிரேசனும் இன்னொருவரும் அவருக்குக் கீழாக விரைந்தார்கள்.

"அண்ணா, அங்கயே குடி போயிடறீங்களா?" என்றது ரேடியோவில் கதிரேசன் குரல்.

ஆறு வட்டம். மூன்று நிமிடம் போயிற்று. எல்லையைத் தாண்டும்போது முள் பூஜ்யத்துக்கு மேலே ஐந்தில் இருந்தது.

ஓடுதளத்தின் நடுவே முன்னால் போன இரண்டு கிளைடர்களும் சுற்றிவர உயரமில்லாமல் ஒன்றாக இறங்கி, இறக்கையோடு இறக்கை மோதிக் கிடந்தன. ஆட்கள் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். செங்கோடன் திடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பக்கத்துப் புல்வெளியில் பூப்போல இறங்கினார்.

யாருக்கும் அடியில்லை. தாழ்ந்து தாண்டிய இருவருக்கும் புள்ளி வெட்டு. பதினோரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை செங்கோடனுக்கு. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றினார்கள். கதிரேசனும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான்.

கீழே விட்டதும் கோப்பையோடு பியூலாவிடம் வந்தார்.

"அந்த இருநூறு மீட்டர் எதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே டீச்சர்?"

"இறங்கி வந்து கேக்கறீங்களே, அதுக்குத்தான்."

2023 மார்ச் 4 அன்று போட்டிக் குழு எல்லை உயரத்தை இருநூற்றைம்பது மீட்டராக்கியது. ஏன் என்று கேட்டு எழுதியவர்கள் ஏழு பேர். செங்கோடன் எழுதவில்லை.