பர்மா யானையும் உருண்டைச் சூட்சுமமும்

கடல்மங்கையை ஆண்ட செம்பியராயருக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது இரண்டாகப் பார்த்துவிட்டால் போதும், எது உசத்தி என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டு மாம்பழம், இரண்டு மருமகன், இரண்டு மழைக்காலம், எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வேண்டும்.

அந்த வருஷம் பர்மாவிலிருந்து கப்பலில் ஒரு யானை வந்து இறங்கியது. கூடவே அதன் பாகன் சான் மியா. அரண்மனையில் ஏற்கெனவே ஒரு பாகன் இருந்தான், மலையாளத்துக் குஞ்ஞம்பு. இரண்டு பேரும் ஒரே யானைக் கொட்டாரத்தில் நின்று ஆளுக்கொரு மொழியில் யானையை அதட்ட, அந்தப் பக்கமாக வந்த ராஜா அப்படியே நின்றுவிட்டார்.

"கூத்தா, மலையாளம் உசத்தியா, பர்மியம் உசத்தியா?"

கேட்டது அம்பலக்கூத்தனை. ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் சபையில் அவன் உத்தியோகம். அவன் பேசிக்காட்டாத குரல் அரண்மனையில் கிடையாது. ராஜாவின் இருமல்கூட அவனிடம் ஒன்று இருந்தது, ராஜா ஊரில் இல்லாதபோது மட்டும் வெளியே வரும்.

"மகாராஜா, மலையாளம் கயிறு திரிக்கிற மாதிரி. மூக்கில் ஆரம்பித்து முறுக்கிக்கொண்டே போகும், எங்கே அறுப்பது என்று தெரியாது. பர்மியம் பாக்கு கொட்டுகிற மாதிரி. தனித்தனியாக விழும், ஒன்று மேலே எம்பும், ஒன்று கீழே உருளும். கட்டுவதற்குக் கயிறு, மெல்லுவதற்குப் பாக்கு. இதில் எதை உசத்தி என்பது?"

"இதெல்லாம் ஒரு பதிலா?" என்று கனைத்துக்கொண்டு எழுந்தார் ஆஸ்தான பண்டிதர் வச்சிரதேசிகர். அவர் குரலில் கூத்தன் பேசிக்காட்டி மடப்பள்ளியே உருண்டு சிரித்த நாளிலிருந்து அவருக்கு அவனைக் கண்டால் ஆகாது. "மன்னர் மன்னா, அடியேன் இரு மொழிகளையும் ஒப்பாய்ந்தாயிற்று. மலையாள எழுத்தும் உருண்டை, பர்மிய எழுத்தும் உருண்டை. சூட்சுமமெல்லாம் உருண்டையில்தான் இருக்கிறது. பர்மிய உருண்டை முழு உருண்டை. ஆகவே அதுவே உசத்தி."

"அப்பளமும் வட்டம், தேர்ச்சக்கரமும் வட்டம். பண்டிதர் வீட்டில் எதைப் பொரிப்பார்கள்?" என்றான் கூத்தன்.

பண்டிதரின் முகம் சிவந்தது. "சந்தேகமிருந்தால் யானையே தீர்ப்புச் சொல்லட்டும். நாளைக் காலை எவன் பேச்சுக்கு யானை மண்டியிடவில்லையோ, அவன் யாராயிருந்தாலும் அப்போதே கப்பலேறட்டும்."

"யாராயிருந்தாலும். அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

துறையில் நின்றது ஒரே கப்பல், பர்மாவுக்குத் திரும்புகிற கப்பல். பர்மா யானைக்கு மலையாளம் தெரியாது, குஞ்ஞம்புவோ கூத்தனின் சிநேகிதன். அடி யாருக்கு என்று கூத்தனுக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் அவன் கொட்டாரத்துக்குப் போனபோது குஞ்ஞம்பு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"எந்தா செய்யா, கூத்தா? ஞான் எத்தனை பறஞ்ஞாலும் இந்த ஆனை கேட்கில்லா. வெல்லம் கொடுத்தேன், துப்பிக் களஞ்ஞு. வீட்டில் குட்டி பிறந்நு இருபது நாள் ஆகல. ஞான் கப்பல் ஏறினால் அவங்களுக்கு ஆரு?"

சான் மியா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "அவன் போ வேண்டாம். நான் போ." அதுதான் அவனுக்குத் தெரிந்த மொத்தத் தமிழ்.

அந்த நேரம் பார்த்து மடப்பள்ளிச் சமையற்காரர் கரண்டியோடு வந்து நின்றார். "யோவ் பர்மாக்காரா, புளிப்பானையை முக்கால்வாசி காலி பண்ணிட்டியே, நாளைக்கு ராஜாவுக்கு ரசத்தை எதுல வைக்கிறது? ஒரு ஆளு இவ்வளவு புளியா திம்பான்?"

கூத்தன் சான் மியாவைப் பார்க்கவில்லை, யானையைப் பார்த்தான். அது பர்மாப் பாகனின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே," என்றான் சமையற்காரரிடம், "நாளைக்கு ராஜா ரசம் கேட்க மாட்டார். மிச்சப் புளியையும் கொஞ்சம் உப்பையும் கொடுங்கள்."

மறுநாள் முற்றத்தில் ஊரே கூடியது. சான் மியா ஒரு சொல் சொன்னான். யானை மண்டியிட்டது. பண்டிதர் மீசையைத் தடவிக்கொண்டார்.

குஞ்ஞம்பு வந்தான். ஒரு கை மூடியிருந்தது. "இரி மோளே" என்றான். யானை மண்டியிட்டது.

பண்டிதரின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

"மகாராஜா, தமிழுக்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்று கூத்தன் இறங்கினான். துண்டை இழுத்துப் போர்த்தி, வயிற்றை முன்னே தள்ளி, மூன்று தரம் கனைத்தான். "அடியேன் ஒப்பாய்ந்தாயிற்று. உருண்டையே சூட்சுமம்." அச்சு அசலாகப் பண்டிதர் குரல். யானை மண்டியிட்டது.

முற்றமே சிரித்தது. "என் யானைக்கு இலக்கணம்கூடத் தெரியுமா?" என்றார் ராஜா.

"நகலுக்கே இத்தனை மரியாதை என்றால், அசல் வந்தால் சாஷ்டாங்கமாக விழுந்துவிடும், மகாராஜா."

பண்டிதருக்குக் கசக்குமா? எழுந்து வந்தார். கனைத்தார். ஒப்பாய்வு முழுவதையும் சொன்னார். யானை அவர் மடியை மோந்தது, கைகளை மோந்தது, குடுமியைக்கூட விடவில்லை. பிறகு ஒரு தும்பிக்கைப் புழுதியை அள்ளி அவர் தலையில் போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டது.

கூத்தன் மடியை அவிழ்த்தான். உப்புப் போட்டுப் பிசைந்த புளி உருண்டைகள் தரையில் ஓடின. "பர்மாவில் யானையைப் பழக்குவது இதைக் கொடுத்துத்தான், மகாராஜா. இந்த யானை எந்த மொழியும் படிக்கவில்லை. பண்டிதர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சூட்சுமமெல்லாம் உருண்டையில்தான் இருக்கிறது."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு பாகர்களும் இங்கேயே இருக்கட்டும் என்றார். கூத்தனுக்கு ஓர் அண்டா புளியோதரை என்றார்.

"புளி தீர்ந்துபோச்சு, மகாராஜா" என்றார் சமையற்காரர்.

"தங்கமாகக் கொடுத்தாலும் வேண்டாமென்று சொல்ல மாட்டேன்" என்றான் கூத்தன். ராஜா கைவளையைக் கழற்றிப் போட்டார். கூத்தன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எவன் பேச்சுக்கு யானை மண்டியிடவில்லையோ, அவன் யாராயிருந்தாலும்..." என்று மெதுவாக ஆரம்பித்தான். இந்தத் தடவை ராஜாவின் குரலில்.

பாய்மரம் விரிந்தபோது பண்டிதர் கப்பல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்ற சான் மியாவைக் கெஞ்சினார். "அப்பா, 'கப்பலைத் திருப்பு' என்பதற்கு உங்கள் மொழியில் என்ன? ஒரே ஒரு சொல், புண்ணியமாகப் போகும்."

சான் மியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், பசிபோலிருக்கிறது என்று நினைத்து, மடியிலிருந்து ஒரு புளி உருண்டையை எடுத்து அவரிடம் வீசினான்.