கரிச்சான் மறுத்த கட்டளை

நெடுங்கரை ஏரியில் நூற்றுக்கணக்கான பறவைகள் கூடு கட்டியிருந்தன. மேற்குக் குன்றில் இருந்த பருந்துகள் தினமும் காலையில் வந்து குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போயின.

"நமக்கு ஒரு காவல் படை வேண்டும்!" என்றது ஏரியின் தலைவரான கூழைக்கடா.

படையில் சேரக் காகங்கள் வந்தன. கடைசியாகத் துடியன் என்ற கரிச்சான் குருவி வந்தது.

"என் அலகில் ஒட்டியிருக்கும் சேற்றின் அளவுகூட நீ இல்லையே!" என்று சிரித்தது கூழைக்கடா.

"என்னை நிறுத்துப் பார்க்கவா கூப்பிட்டீர்கள்? சண்டை போடத்தானே!" என்றது துடியன்.

சொன்னதை மறுநாளே செய்து காட்டியது. பருந்து வந்ததும் துடியன் அதற்கும் மேலே ஏறியது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு விர்ரென்று இறங்கிப் பிடரியில் கொத்தியது. கண் கூசிய பருந்துக்கு அடித்தது யாரென்றே தெரியவில்லை. அலறிக்கொண்டு ஓடியது.

மழைக்காலம் முடிவதற்குள் துடியன் பதினொரு பருந்துகளை விரட்டிவிட்டது. ஒரு சண்டையில் அதன் பிளவு வாலில் பாதி பிய்ந்துபோயிற்று. பத்து நாள் புதரில் கிடந்தது. பிறகு மீதி வாலோடு பறக்கப் பழகிக்கொண்டு மறுபடியும் மேலே போயிற்று. கூழைக்கடா அதைப் படைத்தலைவன் ஆக்கியது.

ஒருநாள் கூழைக்கடா அதை அழைத்தது. "துடியா! குன்றில் பெரிய பருந்தின் கூட்டில் இரண்டு குஞ்சுகள் இருக்கின்றன. தாய் இரை தேடப் போயிருக்கிறது. போய்க் கீழே தள்ளிவிட்டு வா!"

"மாட்டேன், தலைவரே."

"அது நம் குஞ்சுகளைத் தின்றதே!"

"தின்றது தாய். அதை வானத்தில் பார்த்துக்கொள்கிறேன். கண் திறக்காத குஞ்சோடு எனக்கென்ன சண்டை?"

"இது கட்டளை!"

"அப்படியானால் இந்தப் பதவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!"

துடியன் பறந்துபோய், கரையில் மேய்ந்த எருமையின் முதுகில் உட்கார்ந்துகொண்டது. கூழைக்கடா காகங்களைப் பார்த்தது.

"துடியனே மறுத்த வேலையை நாங்கள் செய்யமாட்டோம்!" என்றன காகங்கள்.

மறுநாள் காலையில் பெரிய பருந்து ஏரிக்கு வந்தது. காகங்கள் சிதறி ஓடின. எருமை முதுகிலிருந்து துடியன் கிளம்பியது.

"உன்னை யார் போகச் சொன்னது?" என்று கத்தியது கூழைக்கடா.

"யாரும் சொல்லவில்லை!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

வெகுநேரம் இரண்டும் சுழன்று சுழன்று மோதின. இறகுகள் தண்ணீரில் உதிர்ந்தன. கடைசியில் பருந்து களைத்துப்போய் ஒரு மொட்டைப் பனையில் இறங்கியது.

"நேற்று என் குஞ்சுகளைக் கொல்லச் சொன்னார்களாம். நீ மறுத்தாயாம். காகங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. என்மேல் இரக்கமா?" என்று கேட்டது.

"இரக்கமும் இல்லை, பயமும் இல்லை! நாளைக்கு வந்தாலும் இதே அடிதான்!"

"என் குஞ்சுகளைத் தொடாத உன் ஏரியில் நானும் இனிக் குஞ்சுகளைத் தொடமாட்டேன்" என்றது பருந்து. பிறகு வயல் எலிகளைத் தேடித் தெற்கே பறந்தது. அதற்குப் பிறகு அது ஏரிப்பக்கம் வரவே இல்லை.

எதிரியோடு மோதத் துணிவது பாதி வீரம். தகாத கட்டளையைத் தலைவன் முகத்துக்கு நேரே மறுக்கத் துணிவதே மீதி வீரம்.