சபூரா கொண்டுவந்த இசைத்தட்டு

திருச்சி புத்தூரில் அமலோற்பவம் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். ஞாயிறு மாலைகளில் கடைக்குள்ளேயே நாற்காலிகள் போடுவார். வருகிறவர்கள் ஆளுக்கொரு தட்டு கொண்டுவர, எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள்.

பாட்டுக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவரிடம் வந்து சேர்ந்தவர் ரங்கமணி. ஓய்வுபெற்ற பேராசிரியர். தன்னைவிட இளையவரான அமலோற்பவத்தை, "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு ஞாயிறு புதிதாக ஒரு பெண் வந்தாள். பெயர் சபூரா, நர்ஸ். பையிலிருந்து ஒரு சினிமாப் பாட்டுத் தட்டை எடுத்து நீட்டினாள்.

ரங்கமணி வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது கல்யாண வீட்டு மைக்செட்டுல போடுற பாட்டும்மா. இங்க வர்றவங்க வேற மாதிரி."

மற்றவர்களும் சிரித்தார்கள். சபூராவின் முகம் சிறுத்துப்போனது. தட்டைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைக்கப் போனாள்.

"இங்க கொடுங்க" என்று அமலோற்பவம் டீச்சர் கை நீட்டினார்.

பாட்டு ஓடியது. ஒருவர் செல்போனைப் பார்த்தார். ஒருவர் கொட்டாவி விட்டார். சபூரா மட்டும் நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

பாட்டு முடிந்தது. ரங்கமணி அது வந்த வருடத்தைச் சொன்னார். இன்னொருவர் இல்லை என்றார். பேச்சு வலுத்தது.

"இன்னொரு தடவை போடுவீங்களா?" என்று சபூரா மெதுவாகக் கேட்டாள்.

டீச்சர் ஊசியை எடுத்து மறுபடி முதலில் வைத்தார். அதையும் கேட்டு முடித்து, நன்றி சொல்லிவிட்டு சபூரா கிளம்பிப் போனாள். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லவில்லை.

மற்றவர்களும் போன பிறகு ரங்கமணி கேட்டார்: "உங்களுக்கு அந்தப் பாட்டுப் பிடிச்சிருந்துதா டீச்சர்?"

"இல்ல சார்."

"பின்ன ஏன் ரெண்டாவது தடவையும் போட்டீங்க?"

டீச்சர் தட்டுகளை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"நம்ம ஆளுங்க யாராவது இன்னொரு தடவைன்னு கேட்டு எவ்வளவு நாளாச்சு?"

ரங்கமணி யோசித்துப் பார்த்தார். ஒரு ஞாயிறுகூட நினைவுக்கு வரவில்லை. அவரும் கேட்டதில்லை.

பிறகு, "அவங்க மறுபடி வருவாங்களா?" என்றார்.

டீச்சர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். எதிரே பஸ் ஸ்டாப்பில் சபூரா நின்றிருந்தாள்.

"பஸ் இன்னும் வரல. போய்க் கேளுங்க சார்."