தேரிக்குழித் தீ

இது ஒரு புதிர்க்கதை. விடை தெரிந்தவர்கள் கதை முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.

செந்தேரி ஊருக்கு வெளியே, தேரி எனப்படும் செம்மணல் மேட்டின் அடியில் ஒரு குழி. அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு நீலத் தீ எரிந்தது. விறகில்லை, எண்ணெயில்லை, பூமிக்குள்ளிருந்து ஏதோ வாயு கசிந்தது. அதை ஏற்றியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தீயில் யாரும் சமைப்பதில்லை, சத்தியம் மட்டும் செய்வார்கள். சத்தியம் செய்தவர்தான் குழியில் விழும் மணலைத் தினமும் அள்ளவேண்டும் என்பது ஊர் வழக்கம்.

கல்யாணமான மூன்றாம் மாதமே இலங்கைக்குத் தோணியேறிய கணவனுக்குச் சந்தனமாரி அங்கேதான் வாக்குக் கொடுத்தாள்: "இந்தத் தீ எரியுற வரைக்கும் உங்களுக்காகக் காத்திருப்பேன்."

போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒன்பது வருஷம் மணல் அள்ளினாள். தன்னைக் கட்டிய கயிற்றைத் தானே முறுக்குகிறோம் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

பனையேறும் லிங்கத்துரை அவளைப் பெண் கேட்டான். அந்த ஆடியில் அவள் குழிப்பக்கமே போகவில்லை. காற்று மூன்றே நாளில் குழியை மணலால் மூடியது. தீ அணைந்துவிட்டதென்று கேட்டபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஆவணியில் வைத்த கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, அவள் அதுவரை இருந்துவந்த மாமியார் வீட்டு அடுப்படியில் 'உஸ்' என்றொரு சத்தம் கேட்டது. பாம்போ என்று சுற்றிலும் பார்த்தாள், ஒன்றுமில்லை. அடுப்பு மூட்டத் தீக்குச்சியைக் கிழித்தாள். தரை விரிசலிலிருந்து ஒரு தீ எழுந்து நின்றது. அதே உயரம், அதே நீலம். காற்றே வராத அந்த அறையில் அது அவள் பக்கமாகச் சாய்ந்தது.

மகன் வருவான் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருந்த மாமியார் பேச்சித்தாய் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, நீ அதத் தேடிப் போகலன்னு அதுவே உன்னத் தேடி வந்துட்டு. சத்தியம் அப்படியேதான் இருக்கு."

செய்தி கேட்டு ஓடிவந்த லிங்கத்துரை மறுத்தான். "குழியில எரிஞ்சது அணைஞ்சாச்சு பெரியம்மா. இது வேற தீ."

இருவரில் யார் சொன்னது சரி? சந்தனமாரி வாக்குக்குக் கட்டுப்பட்டவளா, விடுபட்டவளா?

விடை: லிங்கத்துரை சொன்னதுதான் சரி. வாயு பழையதுதான், குழி அடைபட்டதும் வேறு வழி தேடி வந்திருக்கிறது. ஆனால் அவள் வாக்குக் கொடுத்தது குழியில் எரிந்த தீயை வைத்து. அதை ஏற்றியவர் யாரென்றே தெரியாது. இதை ஏற்றியது அவள் கிழித்த குச்சி. மணல் அள்ளாதது தன் குற்றம்தான் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டாள். பிறகு ஈரக் களிமண்ணை விரிசலில் அப்பி, தான் ஏற்றியதைத் தானே அணைத்தாள். கல்யாணம் நடந்தது. ஆனால் புது வீட்டில் ஒவ்வொரு காலையும், குச்சி கிழிப்பதற்கு முன், அவள் குனிந்து தரையில் காதை வைத்துக் கேட்பாள்.